மணிக்கட்டு வீக்கம் எல்லாம் செல்துண்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு அலுவல் முடித்துவிட்டு புதுக்குடியிருப்புக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு அம்மாவும் அவவின் மகனும். தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும், மேசன் வேலையாம். வலது மணிக்கட்டில் நாட்டு மருந்துப் புக்கை கட்டி, அதற்கு மேல் கிழிந்த சாரத் துணியைச் சுற்றியிருந்தார். எண்ணெய் மணம் பஸ் முழுக்க அடித்தது. அவ்வளவு துணிக்கு மேலாலும் பெருவிரல் பக்கத்து மேடு தெரிந்தது. என்ன நடந்தது அம்மா என்று கேட்டேன். “ஒண்டுமில்லைப் பிள்ளை. சின்னனில, கடைசிச் சண்டை நேரம் மாத்தளனில செல் வெடிச்சுப் பட்ட செல்துண்டு. இப்ப கீழ இறங்குது போல கிடக்கு. ஆறு மாசமாய் இப்பிடித்தான்” என்றா.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. இதே கதையை நானும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள். என் கையை நீட்டிக் காட்டிச் சொல்லத் தொடங்கினேன். பாதி சொல்லுமுன் தர்மபுரம் வந்துவிட்டது. இறங்கிவிட்டார்கள். பெயரும் கேட்கவில்லை, போன் நம்பரும் வாங்கவில்லை. உங்கள் பத்திரிகை தர்மபுரத்துத் தேத்தண்ணிக் கடைகளுக்கும் போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் வெட்டாமல் போடுங்கள்.

நான் இடியப்பம் அவித்து விற்பவள். விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பினால்தான் ஆறு மணிக்குக் கடைகளுக்குக் கொடுக்கலாம். 2009 பங்குனியில் எனக்குப் பத்தொன்பது வயது. மாத்தளனில் தறப்பாளுக்குள் இருந்தபோது வலது முன்கையில் ஒரு துண்டு பட்டது. மருந்து வைத்துக் கட்டினார்கள். துண்டை எடுக்கவில்லை. அதைவிடப் பெரிய காயங்களோடு எத்தனையோ பேர் நிலத்தில் கிடந்த நேரம், யாரையும் குறை சொல்ல மாட்டேன். மெனிக் பாம் அகதி முகாமில் காயம் ஆறிவிட்டது. பிறகு மழைக்காலத்தில் கொஞ்சம் உளையும், அவ்வளவுதான். உடம்புக்குள் இரும்போடு வாழ்வது எங்கள் பக்கத்தில் புதினம் இல்லை.

2021 ஐப்பசியில் மணிக்கட்டு நோகத் தொடங்கியது. முதலில் பிழியும்போது மட்டும். பிறகு இரவில், சும்மா படுத்திருக்கும்போதும். கார்த்திகையில் பெருவிரல் பக்கம் வீங்கியது. நான் பார்த்த தனியார் வைத்தியர் ஒருவர் தழும்பைப் பார்த்தார், வீக்கத்தைப் பார்த்தார், “பழைய துண்டு இடம் மாறுது” என்றார். வலி மாத்திரை தந்தார். நாலு மாதம் அந்த மாத்திரையில் ஓடியது. எக்ஸ்றே படம் எடுக்கச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது நான் ஏற்கெனவே நம்பியிருந்த விசயம். நடுவில் மாமி கூட்டிக்கொண்டு போக, எண்ணெய் போட்டு நீவியும் பார்த்தோம். நீவிய அன்றிரவு வலியில் சுவரோடு சாய்ந்தபடி விடிய விடிய இருந்தேன்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022 ஆம் ஆண்டு எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். காஸ் இல்லை, விறகு அடுப்புக்கு மாறினோம். சித்திரையில் ஒருநாள் விடியப்புறம், மா கொஞ்சம் இறுகிப்போயிருந்தது. இடியப்ப உரலின் மேல்பிடியில் இரண்டு கையையும் ஊன்றி உடம்புப் பாரத்தைக் கொடுத்து அமத்தினேன். காய்ந்த சுள்ளி முறிவது போல ஒரு சத்தம். உரல்தான் உடைந்துவிட்டது என்று நினைத்து அதைத்தான் முதலில் பார்த்தேன்.

அன்றைக்குத்தான் முதல் எக்ஸ்றே. வைத்தியசாலையில் இருந்த இளம் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கன நேரம் பேசாமல் நின்றார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். முன்கையில் இரண்டு எலும்பு. பெருவிரல் பக்கத்தில் இருப்பது ஆரை என்பு. அதன் மணிக்கட்டு நுனி ஊதிப் பெருத்து, உள்ளே சவர்க்கார நுரை மாதிரிக் குமிழ் குமிழாக இருந்தது. ஓரம் முட்டைக்கோது அளவுக்கு மெலிந்து, ஒரு இடத்தில் வெடித்திருந்தது. நான் செல்துண்டு எங்கே என்று கேட்டேன். அவர் விரலை மேலே கொண்டுபோய், முழங்கைக்குக் கிட்ட ஒரு குறுணல் அரிசி அளவு வெள்ளைப் புள்ளியைத் தொட்டார். “இதுதான் அக்கா உங்கட துண்டு. அது தன்ர பாட்டில அங்க கிடக்குது. இது வேற வருத்தம்.”

யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். எரிபொருள் வரிசைக் காலத்தில் பஸ் பிடித்துப் போன கதையை விடுகிறேன். அது எல்லாரும் பட்டதுதான். கொழும்பில் ஊசியால் துளி எடுத்துப் பரிசோதித்தார்கள். அந்த ஊசியைக்கூடச் சத்திரசிகிச்சை செய்யப்போகிற நிபுணரே இடம் பார்த்துக் குத்தினார். பிறகு வெட்டப்போகிற கோட்டிலேயே ஊசி போன தடமும் இருக்க வேண்டும், கட்டியோடு அந்தத் தடத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும், கண்ட இடத்தில் குத்தினால் கட்டியின் கலங்கள் நல்ல தசைக்குள்ளும் சிந்திவிடும் என்றார்கள். செல்துண்டை எடுக்கிறோம் என்று யாராவது ஊரில் அந்த வீக்கத்தைக் கீறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு யோசித்தேன். கேட்டிருந்தால் நானே கையை நீட்டிக் கொடுத்திருப்பேன்.

வருத்தத்தின் பெயர் ஜயன்ட் செல் ரியூமர். தமிழில் இராட்சதக் கலக் கட்டி என்று சொல்லலாம். பெரும்பாலும் இருபது வயதுக்கும் நாற்பது சொச்சத்துக்கும் இடையில் வருவது. முழங்காலைச் சுற்றித்தான் அதிகம், மணிக்கட்டும் அது விரும்பி வருகிற இடம். வழக்கமாக இது புற்றுநோய் அல்ல. ஆனாலும் எலும்பைத் தின்றுகொண்டே போகும், எடுத்த இடத்தில் திரும்பவும் வரலாம், எங்கோ சிலருக்கு நெஞ்சறைக்குள் சுவாசப்பைக்கும் போகும். அதனால் நெஞ்சுக்கும் ஒரு எக்ஸ்றே எடுத்தார்கள். சுவாசப்பை சுத்தம். ஆனால் தோள்பட்டைக்குப் பின்னால் இன்னும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். பதின்மூன்று வருசமாக அவை என்னோடு இருந்தது எனக்கே தெரியாது.

அந்த இரண்டு புள்ளியால் இன்னொரு சிக்கல். எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் உடம்புக்குள் இரும்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம். உள்ளே கிடக்கிற துண்டை இழுக்கலாம், சூடாக்கலாம். எங்கெங்கே எத்தனை துண்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடைசியில் சி.ரி. ஸ்கான் எடுத்து அதை வைத்தே முடிவெடுத்தார்கள்.

கட்டி என்றதும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: “கையை எடுத்துப்போடுவினமோ?” எங்கள் ஒழுங்கையில் ஒரு கை இல்லாத ஆட்கள் இருக்கிறார்கள். ஒற்றைக் கையால் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை அம்மா தினமும் பார்க்கிறவ. இந்தப் பயத்தில்தான் எத்தனையோ பேர் வைத்தியசாலைக்கே போகாமல் புக்கையோடு இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். கையை எடுக்கவில்லை. கட்டி பிடித்த எலும்பை மட்டும் எடுத்து, அந்த இடத்தில் மணிக்கட்டைத் திரும்பக் கட்டினார்கள். அதை எப்படிச் செய்தார்கள் என்று விபரமாகச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் சொல்லி முடிக்காமல் போனது இதைத்தான்.

கட்டி சின்னதாக, எலும்புக் கூட்டுக்குள் அடங்கி இருந்தால் சுரண்டி எடுத்து, அந்தக் குழியை எலும்புச் சீமெந்தால் நிரப்பிவிடலாமாம். மூட்டும் மிஞ்சும், மணிக்கட்டும் மடங்கும். என்னுடையது எலும்பை உடைத்து வெளியே வந்து, மூட்டு மேற்பரப்பையும் கெடுத்திருந்தது. ஆகவே ஆரை என்பின் நுனியில் 7 சென்ரிமீற்றரை அப்படியே எடுக்க வேண்டும். மாத்திரையிலும் எண்ணெயிலும் போன அந்த ஆறு மாதத்தின் விலை அது.

எடுத்த இடத்துக்கு எலும்பு என் காலில் இருந்தே வரும் என்றார் நிபுணர். அவர் சிங்களவர். வாட்டில் இருந்த மட்டக்களப்புத் தாதி மிஸ் ஒருவர் மொழிபெயர்த்தார். கெண்டைக்காலின் வெளிப்பக்கம் ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது, பிபுலா. உடம்புப் பாரத்தில் மிகப் பெரும்பங்கைத் தாங்குவது பக்கத்தில் இருக்கிற தடித்த எலும்புதான். அதனால் மெல்லியதில் ஒரு துண்டு எடுத்தாலும் நடக்கலாம். கணுக்கால் ஆடாமல் இருப்பதற்குக் கீழே கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் வெட்டுவார்கள்.

அந்தக் கால் எலும்பை இரண்டு விதமாக வைக்கலாம். முழங்காலுக்குக் கிட்ட இருக்கும் அதன் தலைப்பகுதியை எடுத்தால், அதன் உருவம் ஆரை என்பின் நுனியோடு ஓரளவு ஒத்துப்போகும், குருத்தெலும்பும் இருக்கும். அதை மணிக்கட்டின் சின்ன எலும்புகளுக்கு முன்னால் வைத்துக் கட்டினால் கை கொஞ்சமாவது மடங்கும். ஆனால் பிடிக்குப் பலம் குறையலாம், காலப்போக்கில் மூட்டு விலகலாம், தேயலாம். மற்றது, எலும்பின் நடுத்துண்டை எடுத்து ஒரு முனையை ஆரை என்போடும் மறுமுனையை மணிக்கட்டின் சின்ன எலும்புகளோடும் சேர்த்து, மேலே நீளமான உலோகத் தகடு வைத்து, நடுவிரலின் உள்ளங்கை எலும்பு வரை ஆணி பூட்டுவது. மணிக்கட்டு பிறகு மடங்கவே மடங்காது. விரல்கள் வேலை செய்யும், உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பலாம், பாரமும் தாங்கும்.

“கையால் என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று நிபுணர் கேட்டார். மிஸ் சொல்லுமுன் நானே இடியப்பம் என்றேன். “இந்தி ஆப்ப?” என்று சிரித்தார். செய்து காட்டுங்கள் என்றார். கட்டிலை விட்டு இறங்கி, சாப்பாட்டு மேசையில் சுகமான கையை ஊன்றி, உரலை அமத்துகிற மாதிரி அமத்திக் காட்டினேன். அவர் வந்து என் இடது மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்து, மடங்க விடாமல் நேராக வைத்துக்கொண்டு, இப்போது தள்ளுங்கள் என்றார். தள்ளினேன். பாரம் முழங்கையில் இருந்து நேரே இறங்கியது. பிறகு கையைக் கீழ்ப்பக்கம் மடக்கிப் பிடித்து, முஷ்டி பிடியுங்கள் என்றார். பிடிக்க முடியவில்லை. இதை வாசிக்கிறவர்களும் செய்து பாருங்கள்: மணிக்கட்டைக் கீழே மடக்கிக்கொண்டு ஒரு பென்சிலை இறுக்கிப் பிடிக்க ஏலாது. கொஞ்சம் பின்னால் சாய்த்தால் பிடி இறுகும். அதனால் பூட்டும்போது நேராக அல்ல, சற்றே பின்சாய்வாகப் பூட்டுவார்களாம்.

அவர் முடிவு சொல்லவில்லை. மடங்கும் மணிக்கட்டா, பலமான மணிக்கட்டா, நாளைக் காலை சொல்லுங்கள் என்று போய்விட்டார். எந்த டொக்டரும் என்னிடம் அதற்கு முன் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் போனில், “நீ பிழியாட்டிலும் பரவாயில்லை, கையை மட்டும் கொண்டு வா” என்றார். எனக்குப் பிழியத்தான் வேண்டும். வீட்டுச் செலவில் பாதி அந்த உரலில் இருந்து வருகிறது. காலையில், பலமான கை தாருங்கள் ஐயா என்றேன்.

2022 ஆவணியில் சத்திரசிகிச்சை. கண் விழித்தபோது கையைவிடக் கால்தான் கூட நொந்தது. கால் எலும்பை இரத்தக்குழாயோடு எடுத்துப் பொருத்துகிற முறையும் இருக்கிறதாம். எனக்கு வைத்தது குழாய் இல்லாத வெறும் துண்டு. இது முதலில் உயிரில்லாத கட்டைதான், இரண்டு பக்கத்திலும் இருக்கிற உயிருள்ள எலும்பு மெல்ல மெல்ல ஊர்ந்து உள்ளே வந்து தன்னுடையதாக்கிக்கொள்ள வேணும் என்று அந்த மிஸ் விளங்கப்படுத்தினா. எனக்கு உடனே வேலிக் கதியால்தான் நினைவுக்கு வந்தது. கிளுவங்கட்டையை வெட்டி நட்டால் முதல் ஒரு மாதம் காய்ந்த தடி மாதிரித்தான் நிற்கும். ஆட்டிப் பார்த்தால் போச்சு. அசையாமல் விட்டால் வேர் பிடித்துத் துளிர்க்கும். இதைச் சொன்னதும் அவ, “அதேதான் அக்கா, அசைக்காம வச்சிருங்க” என்றா.

அசைக்காமல் வைத்திருந்தேன். ஒவ்வொரு எக்ஸ்றேயிலும் புது எலும்புக்கும் பழைய எலும்புக்கும் இடையில் ஒரு கறுப்புக் கோடு. இரண்டாம் மாதம் பென்சிலால் கீறியது போல. மூன்றாம் மாதம் ஓரங்களில் புகை பிடித்தது மாதிரி. 2023 தைப்பொங்கல் கழிந்து போனபோது கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. படத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்து, கோடு எங்கே காட்டுங்கோ பார்ப்பம் என்றேன். அவராலும் காட்ட முடியவில்லை.

விரல்களை மட்டும் முதல் நாளில் இருந்தே மடக்கி நிமிர்த்தச் சொன்னார்கள். இல்லாவிட்டால் தசைநார்கள் தழும்போடு ஒட்டிப்போகும். வாரா வாரம் பயிற்சிக்குப் போகக் காசும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பிசியோ மிஸ் ஒரு தாளில் படம் கீறித் தந்தா. அதை அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்து, இடியப்ப மாவை உருட்டி வைத்துப் பிசைந்து பழகினேன். எனக்குச் சரிவந்தது. தனியே இருக்கிற ஒருவருக்கு, அடுப்படி வேலை பழகாத ஒரு ஆண்பிள்ளைக்கு, அப்படிச் சரிவரும் என்று நான் சொல்ல மாட்டேன். கைப்பயிற்சிக்கு வாரத்தில் ஒரு நாளாவது வீட்டுக்குக் கிட்ட யாராவது இருந்தால் பெரிய உதவி.

இன்றைக்குக் கை எப்படி என்று கேட்பார்கள். மடங்காது. நிலத்தில் உள்ளங்கையை ஊன்றி எழும்ப முடியாது. எலும்பு எடுத்த காலின் பெருவிரலை முழுதாக மடக்க இன்னும் ஏலவில்லை. வற்றாப்பளை அம்மன் கோயிலில் நெஞ்சுக்கு நேரே கை குவிக்க முடியாது, மணிக்கட்டு விடாது. தலைக்கு மேல் தூக்கினால் இரண்டு உள்ளங்கையும் சேரும். அப்படித்தான் கும்பிடுகிறேன். தம்பி ஒரு வாங்கில் உரலைப் பொருத்தி நீளமான கைபிடி பூட்டித் தந்திருக்கிறான். மேலிருந்து அமத்தாமல் நின்றபடி இழுத்துப் பிழிகிறேன். 2023 ஆடியில் இருந்து திரும்பவும் கடைகளுக்குக் கொடுக்கிறேன். கட்டி திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருசத்துக்குள் என்றபடியால் கிளினிக்கை ஒரு முறையும் விடவில்லை. கைக்கும் நெஞ்சுக்கும் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். இதுவரை சுகம்.

சுகாதாரப் பகுதியினரிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு. வன்னியில் உடம்புக்குள் செல்துண்டோடு வாழ்கிறவர்களின் கிளினிக் கொப்பியில் ஒரு பக்கத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். எந்த இடத்தில், எத்தனை, எந்தத் திகதி எக்ஸ்றேயில் பார்த்தது என்று எழுதி ஒப்பம் வையுங்கள். புதுக் கொப்பி பெரிய செலவு இல்லை, இருக்கிற கொப்பியின் கடைசிப் பக்கம் போதும். அப்படி ஒரு பக்கம் என்னிடம் இருந்திருந்தால், துண்டு முழங்கைக்குக் கிட்ட, வீக்கம் மணிக்கட்டில் என்று முதல் நாளே தெரிந்திருக்கும். ஒரு கட்டியைச் செல்துண்டு என்று யாரும் சுலபமாகச் சொல்லியிருக்க முடியாது, நானும் சுலபமாக நம்பியிருக்க மாட்டேன். எம்.ஆர்.ஐ. கேள்விக்கும் பதில் கையில் இருந்திருக்கும். எங்கள் மருத்துவர்களும் தழும்பைக் கண்டவுடன் காரணத்தைக் கண்டதாக எண்ண வேண்டாம். மூட்டுக்குக் கிட்ட ஒரு வீக்கம் மூன்று நாலு கிழமையில் வற்றாவிட்டால், இரவில் சும்மா இருக்கும்போதும் நொந்தால், ஒரு படம் எடுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

தர்மபுரத்தில் இறங்கிய அம்மாவுக்கு: உங்கள் மகனுக்கு எனக்கு வந்ததுதான் என்று நான் சொல்லவில்லை. வெறும் சுளுக்காகவும் இருக்கலாம், உண்மையாகவே துண்டாகவும் இருக்கலாம். படம் எடுத்தால் தெரியும். அதுவரை புக்கையை அவிழ்த்துவிடுங்கோ, நீவ விடாதேங்கோ, பார மூட்டை தூக்க விடாதேங்கோ. தனியே போகப் பயமென்றால் நான் கூட வருவேன். புதுக்குடியிருப்புச் சந்தியில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் கேட்டாலும், கை மடங்காத இடியப்ப அக்காவின் வீட்டைக் காட்டுவார்கள். விடிய ஆறரைக்குப் பிறகு வாருங்கோ.

இப்படிக்கு,
இடியப்பம் அவிக்கும் ஒரு தாய்,
புதுக்குடியிருப்பு.